பத்தடியும் கொசுறும்

ஆளைக் கேட்காமல் ஆளின் பெயரைக் கிருத்திகைக் கோப்பை பாஸ்கெட்பால் நோட்டீஸில் அடித்து, அது பஜார் சுவரெல்லாம் ஒட்டப்பட்ட பிறகுதான் வேதாசலத்துக்கு அந்தக் கேள்வி உறைத்தது. யோபு ஏன் சொந்த ஊரில் ஆடுவதே இல்லை?

யோபு என்றால் லேசுப்பட்ட ஆள் இல்லை. மிஷன் ஜீப் ஓட்டிய சுந்தர்சிங்கின் மகன், ஆறடி நாலங்குலம். பதினெட்டு வயதில் மெட்ராஸ் போனான். முதலில் போலீஸ் டீம், அப்புறம் ஒரு பெரிய பாங்கின் டீம். பாங்கில் உத்தியோகம் என்று பேர், பாஸ்கெட்பால் போடுவதுதான் வேலை. இந்திய டீமுக்குப் பல வருஷம் ஆடி, கேப்டனாகவும் இருந்துவிட்டான். மணிலா, டோக்கியோ, பாங்காக் எல்லாம் போய் ஆடியாயிற்று. திருத்தணிக்கும் வருவான். கிறிஸ்துமஸுக்கு அம்மா கிருபாவைப் பார்க்க மிஷன் காம்பவுண்டுக்கு வந்து, கேக்கைத் தின்றுவிட்டு, அடுத்த வண்டியில் போய்விடுவான். ரயில்வே லைன் ஓரத்து பாஸ்கெட்பால் கிரவுண்டு பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

பஜாரில் இதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். கோப்பை நடத்துவது முருகன் பேரில், வேதக்காரப் பையன் வரமாட்டான் என்றார் ஒருவர். மைசூரில் தசராவுக்கு ஆடுகிறவனுக்கு ஆடிக் கிருத்திகை மட்டும் கசக்குமா? கொழுப்பு என்றார் இன்னொருவர். கொழுப்பெடுத்தவன் கிறிஸ்துமஸுக்கு வந்து அம்மாவுக்குத் தண்ணி தூக்கிக்கொண்டிருக்க மாட்டான். பெண் விவகாரம் என்று மூன்றாமவர் ஆரம்பித்தார். யார் பெண் என்று கேட்டதும் வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டார்.

அந்த கிரவுண்டில் இன்னொரு விசித்திரமும் உண்டு. வெளியூர் டீம் எது வந்தாலும் அங்கே தோற்கும். நன்றாகத்தான் போடுவார்கள், பந்து வளையத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே சோர்ந்து விழும். மலைமேல் இருக்கிறவர் தட்டிவிடுகிறார் என்று ஊரே நம்பியது. அரக்கோணத்திலிருந்து வந்த அம்பயர் ஒருவர் ஆட்டத்துக்கு முன்னால் போஸ்ட்டுக்குக் கற்பூரம் காட்டிய கதையும் உண்டு. ஆனால் திருத்தணிப் பையன்கள் வெளியூர் போனால் அதைவிட மோசமாகத் தோற்று வருவார்கள். மணவூர் ஸ்டேஷன் தாண்டினால் அருள் செல்லாது என்று அதற்கும் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

வேதாசலம், பஞ்சாட்சரம் ஜவுளிக்கடையின் மாப்பிள்ளை, கடையில் பாதிப் பங்கு. கோப்பைக் கமிட்டிக்குச் செயலாளர். புடவையை முதலில் வாங்க வந்தவள் தோளில் போட்டுவிட வேண்டும், விலையை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்பது அவன் தொழில். அதே கணக்கில்தான் யோபுவின் பெயரை அடித்தான். பேர் ஊரெல்லாம் தொங்கினால் வராமல் எங்கே போவான்? வராவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவனுக்குத் தெரியும். பஜாரில் அவன் வாய்ச்சொல்லுக்கு யாரும் ரசீது கேட்டதில்லை. யோபு வராமல் போட்டி நடந்தால், மறுநாளிலிருந்து கேட்பார்கள்.

நோட்டீஸைப் பார்த்த மாமனார் பஞ்சாட்சரம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"வரமாட்டான்."

"எப்படி மாமா அவ்ளோ கரெக்டா சொல்றீங்க?"

"வாங்கம்மா, இன்னா பாக்கறீங்க? பருத்தியா, பட்டா?" என்று படியேறாத ஒரு அம்மாளைக் கூப்பிட்டார் மாமனார்.

மழையைப் பற்றிக் கேட்டால்கூட அரைமணி நேரம் அபிப்பிராயம் சொல்கிற மனுஷன். ஒரு வார்த்தையோடு நிறுத்தியதும் வேதாசலத்துக்கு மூக்கு அரித்தது. மறுநாள் காலை வண்டியில் மெட்ராஸ் கிளம்பினான்.

பாங்க் டீமின் கிரவுண்டில் யோபு முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு தனியாகப் போட்டுக்கொண்டிருந்தான். முப்பத்தினாலு வயது, நெற்றிக்கு மேல் முடி பின்வாங்க ஆரம்பித்திருந்தது. வேதாசலம் அவன் ஆடிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மற்றவர்கள் பந்தை வளையத்தைப் பார்த்து எறிவார்கள். இவன் ஆகாசத்தைப் பார்த்து எறிந்தான். பந்து பைத்தியம் பிடித்த மாதிரி மேலே போயிற்று, நின்று யோசித்தது, அப்புறம் கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி நேராக வளையத்துக்குள் இறங்கியது. வலை மட்டும் ஒரு தரம் சிலிர்த்தது.

"வாங்கண்ணா" என்றான் யோபு. "நோட்டீஸைப் பத்திக் கேள்விப்பட்டேன். நான் வரேன்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. வரமாட்டேன்னும் யாரும் சொல்லலியே."

யோபு சிரித்துவிட்டான். வேதாசலம் சரக்கை விரித்தான். மேளம் வைத்து ஸ்டேஷனிலிருந்து ஊர்வலம். அம்மா கிருபாவுக்கு முதல் வரிசையில் சோபா. ரெண்டு பாதிரிமாரையும் மேடையில் ஏற்றலாம். யோபு எதற்கும் அசையவில்லை. ஒன்றைக் குறைத்துக்கொள், ஒன்றைக் கூட்டு என்றுகூடச் சொல்லவில்லை. வாங்கப் போகிறவன் முகம் இப்படி இருக்காது என்று வேதாசலம் வாயை மூடிக்கொண்டான்.

டீ வந்தது. குடித்துக்கொண்டே யோபு கேட்டான்:

"பரசு இன்னா சொன்னான்?"

பரசுராமன் பஞ்சாட்சரத்தின் மகன், வேதாசலத்தின் மச்சான். கடையில் மடித்து அடுக்குகிற வேலை அவனுடையது. அதிகம் பேசமாட்டான்.

"எதைப் பத்தி?" என்றான் வேதாசலம்.

"வளையத்தைப் பத்தி."

"எந்த வளையம்?"

யோபு டம்ளரைக் கீழே வைத்தான். "உங்களுக்குத் தெரியாதா? நிஜமாவே தெரியாதா?" என்று கேட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தான்.

அறுபத்தொன்றில் மெட்ராஸ் செலக்‌ஷனுக்கு ரெண்டு பேரும் ஒரே வண்டியில் வந்தார்கள்.

"எங்க ரெண்டு பேர்ல கை அவனுதுதாண்ணா. என்கிட்ட இருந்தது ஒயரம். அவ்ளோதான். பரசு போட்டா பாக்கறவனுக்குக் கண்ணுல தண்ணி வரும். அன்னிக்குப் போட்டான். போர்டுக்கு மேல பறக்குது பந்து. மறுபடியும் போட்டான், மறுபடியும் அப்பிடியே. நான் போட்டேன், எனக்கும் அதே கதிதான். சுத்தி நின்னவன்லாம் காக்கா ஓட்ட வந்தீங்களாடான்னு கேட்டுச் சிரிக்கிறான். பரசு சாயங்கால வண்டியிலேயே ஊருக்குப் பூட்டான். அவனுக்குக் கடை இருந்தது. எனக்கு இன்னா இருந்தது? ஜீப்பு கழுவணும். அதனால இருந்துட்டேன்."

போலீஸ் ஆபீசர் ஒருவர் உயரத்துக்காக அவனைச் சேர்த்துக்கொண்டார். ரெண்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஒரு நாள் வளையம் மாற்றுகிறபோது டேப்பின் ஒரு நுனியைப் பிடிக்கச் சொன்னார்கள். பத்தடி. அவனுக்கு என்னவோ போல இருந்தது. அடுத்த லீவில் ஊருக்கு வந்து திருத்தணி வளையத்தை அளந்தான். பத்தரை அடி இருந்தது.

வேதாசலத்துக்கு அது எப்படி என்று யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. அந்தப் போஸ்ட் இரண்டும் மாமனார் உபயம். மீட்டர் வருவதற்கு முந்தைய காலம். கடையின் இரும்பு கஜக்கோலைக் கொண்டுபோய் அவரே நின்று அளந்து நட்டார். ஜவுளிக்காரன் கோலை வைத்து அளந்தால் ஒவ்வொரு கஜத்துக்கும் நுனியில் கட்டைவிரலை வைத்து, விரலைத் தாண்டித்தான் அடுத்த கஜத்தை ஆரம்பிப்பான். பத்தடி என்றால் மூன்று கஜமும் ஒரு அடியும். மூன்று கஜத்துக்கு மூன்று கட்டைவிரல். கடைசியில் நாலு விரல் கொசுறு. கேட்டதற்கு மேல் கொஞ்சம் போகாவிட்டால் அது கொடுத்த மாதிரியே இல்லை அவருக்கு.

"உங்க மாமாகிட்ட போய் சொன்னேன்" என்றான் யோபு. "அதிகமா குடுத்தேன்னு சண்டைக்கு வந்த மொத ஆள் நீதாண்டான்னாரு. மெட்ராஸ்காரன் அளவுல குறை இருக்கும், அதைப் போய் பாருன்னாரு. பரசு அன்னிக்கு அம்மையார்குப்பத்துக்குக் கொள்முதலுக்குப் போயிருந்தான். அவன்கிட்டயாவது சொல்லுங்க, தப்பு கையில இல்ல, வளையத்துல, ஒடனே வரச் சொல்லுங்க, நான் ஆபீசர்கிட்ட பேசி வெக்கிறேன்னு சொல்லிட்டு வந்தேன். வருவான் வருவான்னு பாத்தேன். ஒரு வார்த்தை வரல. அவனும் அப்பன் கட்சிதான், என்னைப் பொய்யன்னு நெனச்சுட்டான்னு விட்டுட்டேன். அப்பால அந்த கிரவுண்டு பக்கமே வரல."

"நீ எப்படி ஆடினே அப்பால?"

"கையை மாத்த முடியலண்ணா, அந்த ஒயரம் ஊறிப்போச்சு. பலத்தைக் கொறச்சேன். பந்து மேல போய் நேரா எறங்கும். கொரியாக்காரன் எம்பி எம்பிப் பாப்பான், எட்டாது. யார்கிட்ட கத்துக்கினேன்னு பேப்பர்காரங்க கேப்பாங்க. இன்னான்னு சொல்றது? ஜவுளிக்கடை கொசுறுன்னா?"

சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது.

"அடுத்த ஏப்ரல்லேர்ந்து என்னைக் கவுண்ட்டர்ல ஒக்கார வெச்சுடுவாங்க. முட்டி போயிடுச்சு. வரேன். டீமோட வரேன். வளையத்தை எறக்குங்க. பட்டப்பகல்ல, நாலு பேர் பாக்க எறக்கணும். திருட்டுத்தனமா எறக்கினா, இத்தினி வருஷமா அங்கேர்ந்து வந்து சிரிப்பா சிரிச்சுப் போன பசங்க எல்லாம் தாங்க ஒதவாக்கரைன்னே நெனச்சுகினு இருப்பானுங்க. இதுல கொறைக்கறது கூட்டறது கெடயாது, சொல்லிட்டேன்."

திரும்புகிற வண்டியில் வேதாசலம் கூட்டிக் கழித்துப் பார்த்தான். பகலில் வளையத்தை இறக்கினால், பஞ்சாட்சரம் கடையின் அளவு தப்பு என்று பஜார் பார்க்க ஒப்புக்கொண்டதாக ஆகும். ஜவுளிக்கடைக்கு அதைவிடக் கேடு இல்லை. அதுகூடப் பேசித் தீர்க்கிற சமாசாரம். யோபு சொல்லியனுப்பியது பரசுவுக்கு ஏன் போய்ச் சேரவில்லை என்பதுதான் கழிக்க முடியாமல் நின்றது.

மறுநாள் கடைக்கு மேலே வீட்டில் மத்தியானச் சாப்பாடு. மாமனாரும் வேதாசலமும் இலையில் இருந்தார்கள். வேதாசலத்தின் மனைவி தேவகி பரிமாறினாள். கீழே கடையில் பரசு.

வேதாசலம் யோபு சொன்னதை எல்லாம் சொன்னான். மாமனார் ரசத்தைக் கலந்தபடியே கேட்டுக்கொண்டார்.

"நீ அடிச்ச நோட்டீஸுக்கு நான் இன்னாத்துக்கு மாப்ள தலை குனியணும்? வேற நோட்டீஸ் என் செலவுல அடிச்சுத் தரேன். ஆளுக்கு ஒடம்பு சரியில்லன்னு போடு."

"அதை விடுங்க மாமா. பரசுகிட்ட ஏன் சொல்லல?"

"மோர் ஊத்தும்மா."

தேவகி செம்பைச் சாய்க்கவில்லை. "ஏன் நைனா சொல்லல?" என்றாள்.

அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். தண்ணீர் ரொம்ப நேரம் ஊற்றிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

வேதாசலம் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சொன்னால் வீடு ரெண்டாகும். சொல்லாவிட்டால் பஜாரில் தன் சொல் செத்துப்போகும். ரெண்டுக்கும் நடுவில் ஒரு விலை இருக்கும் என்று தேடினான். எந்த வியாபாரத்திலும் இருக்கும். இதில் இல்லை.

"நீங்க போய் சொல்றீங்களா, நான் போகட்டா?" என்றாள் தேவகி.

வேதாசலம் இறங்கிப் போனான். பரசு திருவாலங்காட்டிலிருந்து வந்த ரெண்டு பெண்களுக்குப் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். வேதாசலம் பக்கத்தில் நின்று, குரலைத் தாழ்த்தி, ஒன்று விடாமல் சொன்னான். பரசு விரித்த புடவையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எவ்ளோ அதிகம் பாவா?"

"அரை அடி."

"ஆங்" என்றான் பரசு. அந்தப் பெண்களிடம் திரும்பி, "இது சாயம் போவாதுங்க, தைரியமா எடுத்துகினு போங்க" என்றான். கட்டிக் கொடுத்தான். விரித்ததை எல்லாம் மடித்து அடுக்கினான். அப்புறம் மூலையில் ஒட்டடை பிடித்துக் கிடந்த பழைய கஜக்கோலை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தான்.

கொள்முதலுக்குத் தவிர பட்டப்பகலில் பரசுராமன் கடையை விட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை. அதனால் பஜாரில் பாதி பின்னாலேயே போயிற்று. கடைசியில் பஞ்சாட்சரமும் வந்தார், மேல்துண்டு இல்லாமல்.

கிரவுண்டில் போஸ்ட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, பரசு கோலை அப்பாவிடம் நீட்டினான்.

"அளங்க நைனா."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார். தரையிலிருந்து கோலை நிறுத்தி, நுனியில் கட்டைவிரல் வைத்து, அதற்கு மேல் மறுபடி கோலை வைத்தார். மூன்று தரம். ஸ்டூலில் ஏறி ஒரு அடியும் நாலு விரலும் வைத்தபோது வளையத்தின் மட்டத்துக்குச் சரியாக வந்தது.

"பத்தடி" என்றார் கூட்டத்துக்குக் கேட்கும்படி.

"விரலை எடுத்துட்டு அளங்க."

இந்தத் தடவை ஒவ்வொரு நுனிக்கும் அவர் கட்டைவிரல் தானாகவே போயிற்று. பரசு ஒவ்வொரு தரமும் அதைப் பிடித்து விலக்கினான். முரட்டுத்தனமாக இல்லை, குழந்தையின் வாயிலிருந்து விரலை எடுக்கிற மாதிரி. பத்தடி முடிந்த இடத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒரு பூனை படுக்கலாம் போல இடம் இருந்தது.

அவர் ஸ்டூலை விட்டு இறங்கவில்லை.

"எனக்குத் தெரியும்டா" என்றார். இது கூட்டத்துக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த வேதாசலத்துக்குக் கேட்டது. "யோபு வந்துட்டுப் போன அன்னிக்கே நான் தனியா வந்து அளந்தேன்."

"அப்பால?" என்றான் பரசு.

"அப்பால கடைக்கு வந்தேன். நீ ஊர்லேர்ந்து திரும்பி, புது சரக்கைப் பிரிச்சு அடுக்கிகினு இருந்தே. நல்லா அடுக்கியிருந்தே. சொல்லியிருந்தா அன்னிக்கு ராத்திரியே வண்டி ஏறியிருப்பே."

"ஆமா. ஏறியிருப்பேன்."

"எனக்கு இருந்தது ஒரு பையன்டா."

பரசு வளையத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பதினாறு வருஷம் தன் கையைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், அதை என்ன செய்வது என்று தெரியாத மாதிரி விரல்களை விரித்து மூடினான். வேதாசலத்துக்கு எங்கேயாவது போய்விடலாம் போல இருந்தது. ஸ்டூலை விட முடியவில்லை, மாமனார் இன்னும் மேலேயே நின்றிருந்தார்.

பஞ்சாட்சரம் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். தெரு முனையில் ஏலம் கூறுகிற குரலில், "ஏய் சின்னசாமி, உன் ஸ்பேனரை எடுத்துகினு வா! ரெண்டு வளையத்தையும் அரை அடி எறக்கு. அளவு தப்பு. வேற யாரும் இல்ல, நான்தான் தப்பா அளந்தேன்" என்றார்.

பஜார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது.

இறங்கிவந்து மகனிடம் கேட்டார்: "இன்னா வேணும் உனக்கு? கேளு."

"இனிமே எனக்கு இன்னா நைனா கெடைக்கும்? வயசு முப்பத்தினாலு." பரசு கொஞ்சம் யோசித்தான். "சாயங்காலம் நாலுலேர்ந்து ஆறு வரைக்கும் கடைக்கு வரமாட்டேன். இந்தப் பசங்க கையைத் திருத்தணும்."

"கிருத்திகை யாவாரம் வருதேடா."

"வரமாட்டேன்."

"அஞ்சரைக்காவது..."

"நைனா."

"சரி" என்றார் பஞ்சாட்சரம்.

யோபு வந்தான். கிருத்திகை முடிந்து தெப்பம் நடக்கிற நாட்கள். காவடி இறக்கிய ஜனம் மொட்டைத் தலையும் சந்தனமுமாக கிரவுண்டைச் சுற்றி நெருக்கியடித்து நின்றது. மேளம் இல்லை, ஊர்வலம் இல்லை. டீமோடு ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தான். பரசு எல்லைக்கோட்டுக்கு வெளியே விசில் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். ரெண்டு பேரும் எதிரெதிரே வந்து நின்றார்கள்.

"இன்னாடா இது, தொப்பை?" என்றான் யோபு.

"கடைடா."

யோபு அவன் தொப்பையில் பந்தால் ஒரு குத்து விட்டான். பரசு பந்தைப் பிடுங்கிக்கொண்டு தரமாட்டேன் என்றான். அம்பயர் வந்து கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

ஊர் டீமோடு பாங்க் டீமுக்கு முதல் ஆட்டம். யோபு முதல் பந்தை எறிந்தான். அது மலைக் கோபுரத்துக்குக் குறுக்கே ஏறி, சாயங்கால வெயிலில் ஒரு கணம் நின்றது. மொட்டைத் தலைகள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்தன. இறங்கியபோது வலை சிலிர்த்த சத்தம் கிருபா உட்கார்ந்திருந்த சோபா வரைக்கும் கேட்டது. அப்புறம் எழுந்த கூச்சலில் வேதாசலத்துக்குக் காது அடைத்தது. தன் சொல் பிழைத்தது என்று மூச்சு விட்டான்.

ஆனால் ஊர் டீம் நாறியது. பையன்கள் போட்ட பந்தெல்லாம் போர்டைத் தாண்டி ரயில்வே லைன் பக்கம் பறந்தது. வளையத்தில் கை வைத்ததில் முருகனுக்குக் கோபம் என்று ஒருவர் வேதாசலத்தின் முகத்துக்கு நேராகவே சொன்னார். இருக்கும் என்று இவனும் ஒத்துக்கொண்டான். பரசு கோட்டோரமாக ஓடி ஓடி, "கை அப்பிடியே இருக்கட்டும்! பலத்தைக் கொறடா! கொறடா!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

யாரோ தோளைத் தொட்டார்கள். மாமனார்.

"எது மாப்ள நம்ம பக்கம்?" என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு ஆட்டம் பார்த்ததில்லை.

"சேப்பு பனியன் மாமா. கடையை யார் பாத்துக்கறாங்க?"

"பூட்டிட்டேன்."

தெப்பத்துக்கு வந்த ஜனம் பஜாரில் அலைமோதுகிறது. வருஷ வியாபாரத்தில் பாதி இந்த மூன்று நாளில். வேதாசலம் அவர் முகத்தைப் பார்த்தான். அவர் கிரவுண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடறவன்லாம் உள்ள இருக்கறான். இவன் இன்னாத்துக்கு வெளியே நின்னு கத்திகினு இருக்கறான்?"

"சொல்லிக் கொடுக்கறான் மாமா."

"எவனாவது கேக்கறானா?"

சிவப்பு பனியன் ஒன்றின் கைக்குப் பந்து வந்தது. எறிவதற்கு முன்னால் அந்தப் பையன் தலையைத் திருப்பிக் கோட்டோரத்தைப் பார்த்தான். பரசு கையால் மெதுவாக என்று காட்டினான். பையன் எறிந்தான். பந்து போர்டில் பட்டு, வளையத்தின் விளிம்பில் ரெண்டு சுற்று சுற்றி, வெளியே விழுந்தது.

"கேக்கறாங்க மாமா" என்றான் வேதாசலம்.

பஞ்சாட்சரம் முன்னால் நின்ற மொட்டைத்தலைக்காரரைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.